குரோம், ஃபேஸ்புக்கை விட்டு வெளியே வர நினைப்பவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து நம் ஆட்களிடமிருந்து இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது: "எல்லாமே ரெண்டு மூணு கம்பெனிக்காரன் கையிலயே இருக்குதுங்களே, வேற வழியே இல்லீங்களா?" வழி இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை. ஆனால் வரிசை தப்பினால் கடவுச்சொல் போகும், படங்கள் போகும், ஊர்க்குழுவின் பக்கமே போகும். நான் தடுமாறித் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு எப்போது வரும், தேங்காய் என்ன விலைக்குப் போகிறது, தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் நிரப்பினார்களா என்பதெல்லாம் நமக்கு இணையத்தில்தான் முதலில் தெரிகிறது. எங்கள் நூலகக் குழுவின் பக்கத்தை ஒரு பெரிய தளம் ஒருநாள் முடக்கியது. காரணமும் சொல்லவில்லை, போய்க் கேட்க ஆளும் இல்லை. பல வருடப் படங்கள் அதற்குள்ளேயே கிடந்தன. அப்படி ஒரு நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

பெரிய நிறுவனங்களை ஒரே நாளில் ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும்வரை ப்ளே ஸ்டோருக்காகக் கூகுள் கணக்கு தேவைப்படும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

1. முதலில் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள்

எல்லைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதில்தான் பெரிய ஆபத்து. கேரள எண் ஒன்று, தமிழ்நாட்டு எண் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்போம். ஒன்றை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவோம். அப்படி விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். உங்கள் கூகுள் கணக்கின் மீட்பு எண் அதுவாக இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது.

கூகுள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் (பழைய ட்விட்டர்) என்று ஒவ்வொரு கணக்கிலும் செட்டிங்ஸில் போய், இப்போது உங்கள் கையில் ஓடும் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்பு மின்னஞ்சலையும் பாருங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்பது) வைத்திருந்தால், தளம் தரும் 'பேக்கப் கோடு'களை ஒரு நோட்டில் எழுதி, ஆதார், ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது பயன்படாது. போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்தே தொலையும்.

ஓடிபி தேவைப்படும் வேலைகளை வீட்டிலேயே, டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பஸ்ஸில் வேலந்தாவளம் தாண்டும் நேரத்தில் செய்தால் சிக்னல் மாறி ஓடிபி தாமதமாகும். மூன்று முறை தவறினால் சில தளங்கள் கணக்கைப் பூட்டிவிடும்.

2. உங்கள் தரவை இறக்கி வையுங்கள்

ஒரு கணக்கை நீக்குவதற்கு முன் அதில் இருப்பதை எல்லாம் உங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாப் பெரிய தளங்களும் இதற்கு வழி வைத்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு.

கூகுளில் இதன் பெயர் டேக்அவுட். உள்ளே போனால் எல்லாச் சேவைகளும் டிக் போட்டபடி இருக்கும். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு போட்டோஸ், டிரைவ், காண்டாக்ட்ஸ் என்று வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். தயாராவதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்த இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். மெயிலைப் பார்க்காமல் விட்டால் திரும்ப முதலிலிருந்து.

ஃபேஸ்புக்கில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' உள்ளே உங்கள் தகவலை இறக்கும் பகுதி இருக்கிறது. அங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும். தேதி வரம்பை முழுக் காலத்துக்கும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சமீபத்தியது மட்டும் வரும். படத்தின் தரத்தை உயர்ந்ததாக வையுங்கள். வடிவம் எச்டிஎம்எல் என்று வைத்தால் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். ஜேசான் வடிவம் நிரல் எழுதுபவர்களுக்கு உதவும், நமக்கு வேண்டாம். கோப்பு தயாரானபின் நான்கு நாள்தான் கிடைக்கும். எக்ஸ் தளத்தில் கேட்டால் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

பத்து வருடப் படங்கள் என்றால் கோப்பு பல ஜிபி வரும். தினமும் ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் பேக்கில் இறக்கினால் பாதியில் நின்றுவிடும். வீட்டில் பிராட்பேண்ட் அல்லது கேரள அரசின் கே-ஃபோன் இணைப்பு உள்ள சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். அவர் வீட்டில் உட்கார்ந்து இறக்குங்கள். டேக்அவுட்டில் ஒரு துண்டு எத்தனை ஜிபி என்று நீங்களே சொல்லலாம். 2 ஜிபி வைத்தால் ஒவ்வொன்றாக இறக்க வசதி.

இந்த வேலையை அக்ஷயா மையத்துக் கணினியிலோ பிரவுசிங் சென்டரிலோ மட்டும் செய்யாதீர்கள். உங்கள் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. டவுன்லோட் ஃபோல்டரில் மறந்து விட்டு வந்தால் அடுத்து உட்காருபவர் திறந்து பார்க்கலாம்.

3. "கூகுள் மூலம் உள்நுழை", "ஃபேஸ்புக் மூலம் உள்நுழை" என்று கொடுத்ததை எல்லாம் அவிழ்த்து விடுங்கள்

மொத்த வேலையிலும் பொறுமை அதிகம் வேண்டியது இதற்குத்தான். பாதிப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். ரயில் டிக்கெட், துணிக்கடை, பிள்ளைகளின் பாடச் செயலி, வேலைவாய்ப்புத் தளம் என்று எத்தனையோ இடத்தில் அவசரத்துக்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருப்போம். ஃபேஸ்புக் கணக்கை நீக்கினால் அந்தக் கதவுகளும் சேர்ந்து அடைபடும்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும், ஃபேஸ்புக்கின் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' பகுதியிலும் முழுப் பட்டியல் கிடைக்கும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளமாகப் போய் மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் வையுங்கள். சில தளங்கள் கடவுச்சொல் வைக்கும் வழியையே காட்டாது. அங்கே வெளியேறிவிட்டு, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும், அதன் வழியாகப் புதிதாக வைக்கலாம். ஒரு நாளைக்கு நாலைந்து தளம் என்று வைத்துக்கொண்டால் அலுக்காது.

குரோமில் சேமித்த கடவுச்சொற்களையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரின் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' உண்டு. அது தரும் சிஎஸ்வி கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் பச்சையாக, யாரும் படிக்கும்படி இருக்கும். கணினியில் பயர்ஃபாக்ஸ் பிரவுசரின் (அடுத்த பகுதியில் சொல்கிறேன்) கடவுச்சொல் பக்கத்திலோ, கடவுச்சொல் காக்கும் பிட்வார்டன் போன்ற இலவசச் செயலியிலோ அதை ஏற்றிவிட்டு, ஒன்றிரண்டு தளத்தில் சோதித்துப் பார்த்து, உடனே கோப்பை அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'எனக்கு நானே' அனுப்பி வைக்கும் பழக்கம் இந்தக் கோப்புக்கு ஆகவே ஆகாது.

4. எந்தப் பிரவுசர்?

பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடும் என்ஜின்கள், அதாவது இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரல்கள், மிகச் சிலதான். குரோம், எட்ஜ், ஒபேரா, பிரேவ், விவால்டி எல்லாம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் மேல்தான் நிற்கின்றன. ஸோஹோவின் உலாவும் அப்படித்தான். கூகுள் அந்த அடித்தளத்தில் ஒரு முடிவெடுத்தால் மற்றவர்கள் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. 2024 முதல் குரோம் பழைய வகை நீட்சிகளை (பிரவுசரில் கூடுதலாகப் போடும் எக்ஸ்டென்ஷன்களை) நிறுத்தத் தொடங்கியதும், விளம்பரம் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் அதில் வேலை செய்யாமல் போனது. இப்போது அதன் சுருங்கிய வடிவம்தான் குரோமுக்குக் கிடைக்கிறது.

பயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ என்ற தனி என்ஜின் இருக்கிறது. இதை நடத்துவது மொசில்லா என்ற லாபநோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம். கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம்தான் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி என்பதையும் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள். முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்கு ஒரு சாதாரண ஆள் நம்பி வைக்கக்கூடியது இதுதான் என்பது என் முடிவு. ஆண்ட்ராய்டு போனிலும் யுபிளாக் ஆரிஜின் போட முடிகிறது, போன் குரோமில் எந்த நீட்சியும் போட முடியாது.

பயர்ஃபாக்ஸ் பிடிக்காதவர்களுக்கு விவால்டி நல்ல மாற்று. நார்வேக்காரர்கள் செய்வது, நிறுவனம் ஊழியர்கள் கையில் இருக்கிறது. குரோமியம் என்பதால் எந்தத் தளமும் அடம் பிடிக்காது. கணினியில் லிப்ரேவுல்ஃப் என்பது பயர்ஃபாக்ஸையே இன்னும் கடுமையாக அடைத்து வைத்த வடிவம். பழகியவர்களுக்குச் சரி, அப்பா அம்மா போனில் இந்த மாதிரிக் கடுமையான எதையும் வைக்காதீர்கள். புதிய என்ஜினை அடியிலிருந்து எழுதும் லேடிபேர்ட் என்ற திட்டம் நடக்கிறது. ஆர்வமாகக் கவனியுங்கள், அன்றாட வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான் ஓடுகிறது. அங்கே பயர்ஃபாக்ஸ் போடுவதால் கணினியோடு சேர்த்துப் பயன்படுத்தும் வசதி கிடைக்கும், நீட்சி கிடைக்காது.

வீட்டில் கேரள அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களைக் கேளுங்கள். பள்ளிகளில் கைட் என்ற கேரள அரசு நிறுவனம் தரும் மடிக்கணினிகள் உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. நமக்குப் புதிதாக இருப்பது அவர்களுக்குப் பாடம்.

5. பிரவுசரைப் போட்டவுடன் செய்ய வேண்டிய மாற்றங்கள்

போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய் பயர்ஃபாக்ஸை முதன்மை பிரவுசராக வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு இணைப்பும் பழையபடி குரோமில்தான் திறக்கும், ஒரு வாரத்தில் நீங்களும் அங்கேயே திரும்பிவிடுவீர்கள். குரோம் ஐகானை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை வையுங்கள். விரல் பழக்கத்துக்கு இது பெரிய உதவி.

அடுத்து, பயர்ஃபாக்ஸிலும் தேடுபொறி கூகுளாகத்தான் வரும். டக்டக்கோவுக்கு மாற்றுங்கள். தமிழில் உள்ளூர்த் தேடல்களுக்கு, உதாரணமாகச் சித்தூர் தாலுக்காவில் ஒரு அலுவலகத்தைத் தேடினால், கூகுள் அளவுக்கு வராமல் போகலாம். அப்போது மட்டும் தேடும் சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறியும் ஆங்கில எழுத்து ஜீயும் போட்டால் கூகுளுக்கே கூட்டிப் போகும்.

மொழி வரிசையையும் கவனியுங்கள். கணினியில் பயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் இணையப் பக்கங்களுக்கான மொழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். தமிழை முதலில், மலையாளத்தை இரண்டாவதாக, ஆங்கிலத்தை மூன்றாவதாக வையுங்கள். தமிழ்ப் பக்கம் இருக்கும் தளங்கள் தமிழிலேயே திறக்கும்.

பயர்ஃபாக்ஸில் மொசில்லா கணக்கு தொடங்கி போனையும் கணினியையும் இணைத்தால், 'ரெகவரி கீ' ஒன்றை உருவாக்கி அதே நோட்டில் எழுதுங்கள். உங்கள் தரவு உங்கள் கடவுச்சொல்லால்தான் பூட்டப்பட்டிருக்கிறது. மறந்துபோய்ப் புதுக் கடவுச்சொல் வைத்தால், அந்தச் சாவி இல்லாமல் சர்வரில் இருப்பது திரும்பக் கிடைக்காது.

6. அரசுத் தளங்களும் வங்கிகளும்

நமக்கு இரண்டு மாநிலத்துத் தளங்களும் வேண்டும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் கேரள இ-டிஸ்ட்ரிக்ட்டில் எடுப்போம், பொள்ளாச்சிப் பக்கம் நிலம் இருந்தால் பட்டா, சிட்டா தமிழ்நாட்டுத் தளத்தில். பயர்ஃபாக்ஸில் சான்றிதழோ ரசீதோ வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. புதுச் சாளரத்தை பிரவுசர் தடுத்திருக்கும், மேலே மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஒரு பட்டை தெரியும், அதில் அனுமதி கொடுங்கள். அல்லது முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் கேடயத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்துங்கள். யுபிளாக்கையும் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தலாம்.

பணம் கட்டும் பக்கத்தில் இதை முன்கூட்டியே செய்துவிடுங்கள். கணக்கில் பணம் கழிந்து ரசீது வராமல் நின்றால், உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பாருங்கள், பிறகு தளத்தில் பழைய பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள்.

குரோமில் மட்டுமே திறப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தளம் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அதற்காகக் குரோமை முடக்காமல் வைத்திருங்கள். அந்த வேலைக்கு மட்டும் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

7. சமூக வலைத்தளம்: மாஸ்டடானில் நுழைவது

எக்ஸ் போலச் சிறு பதிவுகள் எழுதும் தளமான மாஸ்டடான் 2016-இல் வந்தது. அதற்கு முதலாளி கிடையாது. பல பேர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நீங்கள் ஒரு சர்வரில் இருந்துகொண்டு வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். படங்களுக்கு பிக்சல்ஃபெட், காணொளிக்கு பியர்டியூப் என்று அதனோடு பேசிக்கொள்ளும் தளங்களும் உண்டு.

புதியவர்கள் திரும்பி ஓடுவது சர்வரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். குழப்பமாக இருந்தால் மாஸ்டடானை உருவாக்கும் அமைப்பே நடத்தும் மாஸ்டடான் டாட் சோஷியலில் சேர்ந்துவிடுங்கள். வேறு சர்வர் பார்த்தால் அதன் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: யார் நடத்துகிறார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன. பெயர் சொல்லாமல், விதிகளும் இல்லாமல் இருக்கும் சர்வர் திடீரென்று மூடிவிடலாம். சில சர்வர்களில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினால் போதும், அனுமதிக்கு ஓரிரு நாள் ஆகலாம். உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பேமில் போய் விழும், அங்கேயும் தேடுங்கள். ஆதார் கேட்க மாட்டார்கள், பணமும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அந்தச் சர்வரை விட்டு விலகுங்கள்.

உள்ளே போனதும் பக்கம் காலியாகத்தான் இருக்கும். உங்களுக்கு எதைக் காட்டலாம் என்று முடிவெடுக்கும் இயந்திரம் அங்கே இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்கள் எழுதுவதும் பகிர்வதும் மட்டும், நேர வரிசையில் வரும். அதனால் முதல் நாளே ஒரு அறிமுகப் பதிவு எழுதுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, எதில் ஆர்வம். பதிவுக்கு 500 எழுத்து இடம் உண்டு, தமிழுக்கு அது தாராளம். பதிவின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், மொழிவாரியாக வடிகட்டிப் படிப்பவர்கள் கண்ணில் அப்போதுதான் படும். செட்டிங்ஸில் பொதுப் பதிவுகளைத் தேடலில் சேர்க்கும் வசதியையும் நீங்களே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதியதைப் புதியவர்கள் சொல் கொடுத்துத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தனியாகப் போய் உட்காராதீர்கள். நண்பர்கள் மூன்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் சேருங்கள், தினமும் ஒரு பதிவாவது போடுங்கள். தமிழ்க் கூட்டம் அங்கே இன்னும் சிறியதுதான், யாராவது எழுதினால்தான் வளரும்.

தெரிந்திருக்க வேண்டிய இரண்டு வரம்புகள். அங்கே அனுப்பும் தனிச்செய்தி முனைக்கு முனை பூட்டியதல்ல, சர்வர் நடத்துபவரால் படிக்க முடியும். வங்கி விவரம், ஆதார் எண் எதையும் அதில் அனுப்பாதீர்கள். சர்வர் மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஒருமுறை மாறினால் அடுத்து மாற 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இதே மாதிரியான புளூஸ்கை என்ற தளம் பற்றியும் கேட்பீர்கள். பழக எளிது, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். ஆனால் அது முதலீட்டாளர் பணத்தில் ஓடும் ஒரு நிறுவனம், பெரும்பாலான கணக்குகள் அதன் சர்வர்களில்தான் இருக்கின்றன. நான் மாஸ்டடான் பக்கம்.

சர்வருக்கு நன்கொடை தர விரும்பினால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணம்தான், யுபிஐ எடுக்காது. பல டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, தந்து முடித்ததும் மறுபடி அடைத்துவிடுங்கள்.

8. வாட்ஸ்அப்

இதைக் கடைசிவரை வைத்திருங்கள். பால் சொசைட்டி, பள்ளி வகுப்பு, கோயில் கமிட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. வீட்டு ஆட்களோடு பேச மட்டும் சிக்னல் என்ற செயலியைப் போடுங்கள். லாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது, பதிவு செய்யப் போன் எண் வேண்டும், அதன்பின் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயர் வைத்துப் பேசலாம். சொந்தக்காரர்களில் யார் அதிகம் படம் அனுப்புகிறாரோ அவரை முதலில் மாற்றுங்கள், மற்றவர்கள் தானே வருவார்கள்.

9. கணக்கை நீக்குவது

மேலே உள்ளவை எல்லாம் ஓடத் தொடங்கி இரண்டு மாதமாவது ஆகட்டும். அதற்குள் எந்தத் தளத்தில் உள்நுழைய முடியவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஃபேஸ்புக்கில் நீக்கச் சொல்வதற்கு முன், நீங்கள் மட்டுமே நிர்வாகியாக இருக்கும் பக்கங்களைப் பாருங்கள். கடை, கிளப், நூலகம், திருவிழாக் கமிட்டி எதுவானாலும், வேறொருவரை முழு அதிகாரத்தோடு நிர்வாகியாக்காமல் நீங்கள் போனால் அந்தப் பக்கமும் உங்களோடு அழியும். அவர் அழைப்பை ஏற்றுக்கொண்டாரா என்று நேரில் கேட்டு, அவர் போனில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

'டீஆக்டிவேட்' என்றால் உறங்க வைப்பது, 'டெலீட்' என்றால் நீக்குவது. இரண்டும் ஒரே திரையில் வரும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். நீக்கச் சொன்ன நாளிலிருந்து 30 நாள் வரை மனம் மாறினால் ரத்து செய்யலாம். முழுதாக அழிய 90 நாள் வரை ஆகலாம். மெசஞ்சரும் சேர்ந்து போகும், இன்ஸ்டாகிராம் தனிக் கணக்கு, அதைத் தனியாக நீக்க வேண்டும். எக்ஸில் அந்த 30 நாளுக்குள் ஒருமுறை உள்நுழைந்தாலே கணக்கு மறுபடி உயிர்பெறும். ஆகவே நீக்கச் சொன்ன அன்றே செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், வீட்டில் பழைய போனோ டேப்லெட்டோ கிடந்தால் அதிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.